இரவல் தப்பு

“எல்லாம் சரியா இருக்கு. தப்பு எங்கேம்மா?” என்று கேட்டார் முரோதா டீச்சர்.

சயோவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியர் அறையில் மேஜைகளை முகத்துக்கு முகம் ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஒருவர் திட்டு வாங்கினால் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். இப்போதும் அப்படித்தான். எதிர் மேஜையில் இசோபே சார் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சிவப்புப் பேனா நகரவே இல்லை.

“தப்பு வரக்கூடாதுன்னுதான் டீச்சர் திரும்பத் திரும்ப எழுதினேன்.”

“உன் தப்பைக் கேக்கலம்மா. பிள்ளைங்க தப்பைக் கேக்கறேன். இந்தப் பாடத்துல எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழப்போகுது? அதை எழுதாம இது என்ன பாடத் திட்டம்? ஒரு பிள்ளை தப்பா சொல்லணும். இன்னொண்ணு அதை மறுக்கணும். மூணாவதா ஒண்ணு ‘அட, ஆமா!’ன்னு வாயைப் பொளக்கணும். அப்பத்தான் பின்னாடி நிக்கறவங்க பேனாவை எடுப்பாங்க. எல்லாரும் சரியாவே சொல்லிட்டா அவங்க எதுக்கு வரணும்? வீட்ல உக்காந்து டீ குடிக்கலாமே.”

இசோபே சார் இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல்.

ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த சயோ ஹதனாகாவுக்கு நாலாம் வகுப்பு ‘ஆ’ பிரிவைக் கொடுத்திருந்தார்கள். முதல் வருட ஆசிரியருக்கு வழிகாட்டியென்று பள்ளி ஒருவரை நியமிக்கும். சயோவுக்கு வாய்த்தவர் முரோதா. நவம்பர் பிறந்தால் ஆய்வு வகுப்பு. புது ஆசிரியை பாடம் நடத்துவாள். பள்ளியின் மற்ற ஆசிரியர்களும், பக்கத்துப் பள்ளிக்காரர்களும், நகரக் கல்வி ஆலோசகரும் சுவரை ஒட்டி நின்று பார்ப்பார்கள். முடிந்ததும் ஓர் அறையில் கூடி, அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைக் கோழியை உரிப்பதுபோல் உரிப்பார்கள். ஒவ்வோர் ஆசிரியரும் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். அதனால் யாருக்கும் யார்மீதும் இரக்கம் கிடையாது.

பார்வையாளர்களைப் பற்றிச் சயோவுக்குப் பெரிய பயமில்லை. அவள் பயமெல்லாம் வேறு.

அவளுடைய வகுப்பு பேசாது.

ஓடும், விளையாடும், மதியச் சாப்பாட்டில் கடைசிக் கரண்டிக் கறிக்குச் சண்டை போடும். தரை துடைக்கும் நேரத்தில் துணியை விரித்துப் பந்தயம் விடும். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, “யார் சொல்றீங்க?” என்று அவள் கேட்ட நிமிடம் மொத்த வகுப்பும் மேஜையைப் பார்க்கும். கை தூக்குவது எப்போதும் அதே நாலு பேர். சொல்வது எப்போதும் சரியான விடை. கனோன் என்றொரு பெண், ஜன்னலோர மூன்றாவது மேஜை. வகுப்பில் அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே சயோவுக்குத் தெரியாது. வருகைப் பதிவின்போது “ம்” என்பாள், அவ்வளவுதான்.

மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இசோபே சாரின் ‘அ’ பிரிவு. அங்கே காலையிலிருந்து மாலை வரை சந்தைக் கூச்சல்.

சயோவுக்கு எரிச்சல் ஏன் வராது? அவள் ஒருநாளும் ஒரு பிள்ளையைத் திட்டியதில்லை. ‘தப்பு’ என்ற சொல்லை வகுப்பில் சொல்வதில்லை என்று கல்லூரியிலேயே முடிவு செய்தவள். பிள்ளை தவறாகச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டாள். தலையைச் சற்றே சாய்த்து, புன்னகையோடு, “மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?” என்பாள். அதுதான் தன்னுடைய பாணி என்று அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நேர்முகத் தேர்வில்கூட அதைத்தான் சொன்னாள். தேர்வாளர்கள் தலையசைத்தார்கள்.

இவ்வளவு மென்மையாக நடந்தும் பிள்ளைகள் ஊமை. சுவருக்கு அந்தப் பக்கம், “டேய், நீ சொல்றது சுத்தப் பைத்தியக்காரத்தனம்!” என்று மேஜையைத் தட்டும் மனிதருக்கு மட்டும் பிள்ளைகள் கொட்டுகிறார்கள். என்ன நியாயம் இது?

*

ஆய்வு வகுப்புக்கு முன்னால் அதே பாடத்தைப் பக்கத்துப் பிரிவில் ஒருமுறை நடத்திப் பார்ப்பது வழக்கம். தையல்காரர் மலிவுத் துணியில் ஒரு சட்டை தைத்துப் பார்ப்பதுபோல. வெள்ளிக்கிழமை சயோ இசோபே சார் வகுப்புக்குள் நுழைந்தாள்.

பாடம் பரப்பளவு. செவ்வகத்தின் பரப்பைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். இன்று ஒரு மூலை வெட்டுப்பட்ட செவ்வகம். காலணிப் பெட்டியின் ஒரு மூலையைக் கத்தரித்து எடுத்த மாதிரி. அதன் பரப்பு எவ்வளவு?

அவள் படத்தை ஒட்டி முடிக்கவில்லை, அதற்குள் கூச்சல்.

“நீளத்தையும் அகலத்தையும் பெருக்கு, முடிஞ்சுது!”

“போடா, அந்த மூலை எங்கே போச்சு? எலி தின்னுடுச்சா?”

“டீச்சர், ஆறு பக்கம் இருக்கு. ஆறையும் பெருக்கிடலாம்!”

“பெருக்கினா இந்த ஊர் அளவு வருமேடா!”

முரோதா டீச்சர் கேட்ட தப்புகள் அத்தனையும் தட்டில் வைத்து வந்தன. ஒருவன் மறுத்தான். ஒருத்தி கரும்பலகைக்கே ஓடிவந்து படத்தை இரண்டாக வெட்டிக் கோடு போட்டாள். “அட, ஆமா!” என்று நிஜமாகவே ஒருவன் வாயைப் பிளந்தான். சயோவுக்குக் கை காலெல்லாம் பரபரத்தது. பாடம் நடத்துவது இத்தனை சுகமானதா?

மணியடித்ததும் அவள் இசோபே சாரைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.

“சார், எப்படி இவங்களைப் பேச வைக்கறீங்க?”

“நானா? நான் வாயை மூட வைக்கத்தான் பாடுபடறேன்.” அவர் கழுத்தைச் சொறிந்தார். “உங்க வகுப்பைக் குடுங்க, மாத்திக்கலாம். ஒரு நாளாவது தலைவலி இல்லாம வீட்டுக்குப் போறேன்.”

“விளையாடாதீங்க சார்.”

“விளையாடல. நிஜமாவே தெரியாது. தெரிஞ்சா புத்தகம் போட்டு வித்திருக்க மாட்டேனா?” என்று சொல்லிவிட்டு, யாரோ இரண்டு பேர் துடைப்பத்தால் சண்டை போடுவதைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார்.

எரிச்சல் இன்னும் ஏறியது. தெரிந்தவர் சொல்லித் தராவிட்டால் கோபப்படலாம். இந்த மனிதருக்குத் தெரியவே தெரியாதாம்!

*

அடுத்த புதன்கிழமை ஆய்வு வகுப்பு. மற்ற பிரிவுகளை மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மட்டும் தங்கியது. கறுப்புக் கோட்டும் சூட்டும் அணிந்தவர்கள், வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே போட வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் வந்து நாலு சுவரையும் அடைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் எழுது அட்டை, மேஜை வரிசைப் படம். கண்ணாடி போட்ட ஒருவர் கனோனுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார். ஐயோ, அந்த இடத்தைப் போயா பிடித்தார் என்று சயோ மனதுக்குள் நொந்துகொண்டாள்.

படத்தை ஒட்டினாள். கேள்வியை எழுதி நீலக் கட்டம் போட்டாள். தானே யோசிக்கப் பிள்ளைகளுக்கு நேரம் கொடுத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “யார் சொல்றீங்க?” என்றாள்.

பன்னிரண்டு கைகளாவது எழுந்திருக்கும்.

அவள் தன் கண்ணை நம்பவில்லை. தைச்சி! மழைக்காலத் தவளைபோல் வெளியே கத்திவிட்டு வகுப்பில் வாயே திறக்காத தைச்சி, கையை விமானம்போல் உயர்த்தியிருந்தான்.

“தைச்சி, சொல்லுப்பா.”

“நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினா வந்துடும்னு நினைக்கிறேன்!”

தப்பு! அழகான, உருண்டு திரண்ட தப்பு! சயோவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரோரம் பேனாக்கள் ஓடின. முரோதா டீச்சரின் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

“எனக்கு வேற மாதிரி தோணுது. அந்த மூலை வெட்டியிருக்கே?” என்று எழுந்தாள் ஒருத்தி. அதுவும் கனகச்சிதம். பாடம் எண்ணெய் போட்ட கதவுபோல் திறந்துகொண்டது. சயோ மேஜைகளுக்கு நடுவே நடந்தாள். தோள்கள் தளர்ந்தன. எட்டு மாதம்! எட்டு மாதம் கழித்து என் வகுப்பு பேசுகிறது!

அப்போது இடுப்புயரத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு கேட்டது.

“அது என்னோட தப்பு. நீ எதுக்குச் சொன்னே?”

ஷுன்பெய். முன்னால் உட்கார்ந்திருந்த தைச்சியின் முதுகைப் பென்சிலால் குத்திக்கொண்டிருந்தான்.

“டீச்சர் என்னைத்தானே கூப்பிட்டாங்க!” என்று திரும்பாமலே முணுமுணுத்தான் தைச்சி.

“கல்லு-கத்தரி-காகிதத்துல நான்தானே ஜெயிச்சேன். உனக்கு வந்தது ஆறு பக்கத்தையும் பெருக்கற தப்பு. அதைச் சொல்லு!”

“அது ரொம்ப முட்டாள்தனமா இருக்குடா. ‘அ’ பிரிவுல சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்களாம்.”

“அதுக்காக என்னோடதைத் திருடுவியா?”

சயோவின் கையிலிருந்த மஞ்சள் சுண்ணக்கட்டி ஒடிந்தது.

பக்கத்துப் பிரிவில் என்ன நடந்ததென்று இவர்கள் ஒன்றுவிடாமல் விசாரித்திருக்கிறார்கள். யார் எந்தத் தப்பைச் சொல்வது, யார் மறுப்பது, யார் வாயைப் பிளப்பது என்று பங்கு பிரித்து, கைவிளையாட்டில் தீர்த்திருக்கிறார்கள். இங்கே பேசுவது அவள் வகுப்பு இல்லை. ‘அ’ பிரிவு பேசுகிறது, இவர்கள் வாயால்.

இரண்டடி தள்ளி நின்ற பார்வையாளருக்கு இது காதில் விழவில்லை. அவர் தைச்சியின் பதிலைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். சயோ ஒடிந்த துண்டோடு பலகைக்குப் போனாள். நிறுத்த முடியுமா? இத்தனை பேர் நடுவில், “நாடகத்தை நிறுத்துங்க” என்று சொல்ல முடியுமா? வாய் தானாகத் திட்டத்திலிருந்த அடுத்த கேள்வியைக் கேட்டது. பிள்ளைகள் தங்களுக்கு விழுந்த பதிலைச் சொன்னார்கள். ஆறு பக்கத்தையும் பெருக்கும் தப்பைச் சொல்ல ஆளில்லாமல் ஓர் இடைவெளி விழுந்தது. கடைசியில் ஷுன்பெய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து அதைச் சொல்லித் தொலைத்தான்.

இறுதியில் கனோன் கை தூக்கினாள்.

சுவரோரத் தலைகள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின. அந்தப் பெண் பேசாது என்று திட்டத்தில் குறிப்பிட்டிருந்தது, எல்லாரும் படித்திருந்தார்கள். கனோன் எழுந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒப்பிக்கும் குரலில் சொன்னாள்.

“முதல்ல நானும் தப்பா நினைச்சேன். எல்லாரும் பேசினதைக் கேட்டதும் புரிஞ்சுது.”

சுவரோரம் ஒரு பெருமூச்சு ஓடியது. கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். சயோ கனோனின் நோட்டைப் பார்த்தாள். முதல் வரியிலிருந்தே சரியாகப் போட்டிருந்தாள் அந்தப் பெண். அவளுக்கு ஒரு தப்பும் நேரவே இல்லை.

*

ஆய்வுக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் பாடம் நடத்தியவர். தன் பாடத்தைத் தானே மதிப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு பாட்டு இருக்கிறது: நேரம் போதவில்லை, பலகையில் எழுத்து சிறிதாகிவிட்டது, இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும், தயவுசெய்து வழிகாட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் பாடிவிட்டு உட்கார்ந்தால் போதும். முரோதா டீச்சர் மேஜைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாடம் வெற்றி. அனைவர் முகத்திலும் அது எழுதியிருந்தது.

சயோ எழுந்தாள்.

‘பேசாம பாட்டைப் பாடிட்டு உக்காரு’ என்றது ஒரு மனம். உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாளைக்கு இதே ஆட்கள், “ஹதனாகா டீச்சர் வகுப்பு எப்படிப் பேசுது பாரு” என்பார்கள். அவளும் மெதுவாக நம்பத் தொடங்கிவிடுவாள். அந்தப் பிள்ளைகள் வருஷம் முடியும்வரை ஒரு தப்பையும் வாய் திறந்து சொல்லாமலே ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

“இன்னிக்கு என் பிள்ளைங்க யாரும் தப்பு பண்ணல. ‘அ’ பிரிவுல வந்த தப்புகளைக் கேட்டு வந்து, பங்கு போட்டு, நடிச்சாங்க. எனக்குப் பாடத்துக்கு நடுவுலதான் தெரிஞ்சுது. ஆனா நான் நிறுத்தல. நானும் சேர்ந்து நடிச்சேன். மன்னிச்சுக்கணும்.”

முரோதா டீச்சரின் கட்டைவிரல் மெதுவாக மடங்கியது. இப்போது இடி விழும் என்று சயோ காத்திருந்தாள். விழட்டும். விழுந்தால் நல்லது. யாராவது, “ஏன் உன் வகுப்பு நடிக்க வேண்டியிருந்தது?” என்று கேட்டால்கூடப் போதும். அதைக் கேட்கத்தான் எட்டு மாதமாக அவள் ஆள் தேடுகிறாள்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். அவர்தான் ஆலோசகராம்.

“எனக்குப் பேச்சே வரல,” என்றார் தழுதழுத்த குரலில். “தங்களோட டீச்சருக்காகப் பிள்ளைங்க கூடிப் பேசி, இவ்வளவு பாடுபட்டிருக்காங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒரு அன்பான வகுப்பை நான் பார்த்ததில்ல. அதை மறைக்காம சொன்ன டீச்சரோட பணிவு, அது இன்னும் பெருசு.”

கைதட்டினார்கள்.

“அது இல்லைங்க சார். அவங்க யோசிக்கவே இல்ல, அதுதான்...”

“பாருங்க, இப்பவும் தன்னைத்தான் குறை சொல்லிக்கறாங்க!” என்றார் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை, உருகிப்போய்.

நல்லதை நீலச் சீட்டிலும் சந்தேகத்தை இளஞ்சிவப்புச் சீட்டிலும் எழுதி ஒட்டுவார்கள். அன்று பலகை முழுக்க நீலம். ‘பாசம்.’ ‘டீச்சரும் பிள்ளைகளும் ஒரு மனம்.’ ‘பலகை எழுத்து தெளிவு.’ இளஞ்சிவப்பில் ஒரே ஒரு சீட்டு: ‘ஜன்னல் திரையைக் கொஞ்சம் மூடியிருந்தால் படம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.’

சயோவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. சொன்ன உண்மையை மரியாதைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“சொல்லாமலே இருந்திருக்கலாம்,” என்றார் முரோதா டீச்சர் கூட்டம் முடிந்ததும். “என் மானம் போச்சுன்னு நினைச்சேன். நல்லவேளை, நல்லாத்தான் முடிஞ்சுது.”

“நல்லா முடிஞ்சுதா டீச்சர்?”

“நீலம் எத்தனை பார்த்தியா?” அவர் சீட்டுகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

*

மறுநாள் காலை பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“டீச்சர், நல்லா பண்ணோமா?”

“உங்களை யாரும் திட்டலையே?”

“ஷுன்பெய் மட்டும்தான் டீச்சர் சொதப்பினான்!”

“நானா? இவன் என்னோட தப்பைத் திருடினான் டீச்சர்!”

அந்த முகங்களைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. கோபப்படாமலும் இருக்க முடியவில்லை.

“உக்காருங்க எல்லாரும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மத்த நாள்ல ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க? நான் ஒருநாளாவது தப்புன்னு சொல்லியிருக்கேனா?”

மேஜையைப் பார்த்தார்கள். பிறகு ஷுன்பெய், நேற்றைய ஆத்திரம் இன்னும் தீராதவன், எழுந்தான்.

“நீங்க சொல்ல மாட்டீங்க டீச்சர். ஆனா தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீங்க ‘மத்தவங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு கேப்பீங்க. சரியா சொன்னா அப்படிக் கேக்க மாட்டீங்க. பலகைல எழுதிடுவீங்க.”

“தலையும் சாயும் டீச்சர்,” என்றான் தைச்சி. “இப்படி.”

சாய்த்துக் காட்டினான். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு வகுப்பு மொத்தமும், ஒருவர் பாக்கியில்லாமல், தலையை இடப்பக்கம் சாய்த்து, உதட்டை லேசாக விரித்து, ஒரு வருத்தப் புன்னகை புன்னகைத்தது. முப்பது சயோக்கள் சயோவைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.



“இசோபே சார் திட்டினா அப்படியே போயிடும். நாங்க தப்பா சொன்னா நீங்க பாவமாயிடுவீங்க,” என்றாள் முன்வரிசைப் பெண்.

“அப்போ நேத்து மட்டும் எப்படித் தப்பா சொன்னீங்க?”

ஷுன்பெய் அவளை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். “நேத்து உங்களுக்குத் தப்புதானே வேணும்? ‘அ’ பிரிவுல தப்பு சொன்னப்போ நீங்க சந்தோஷப்பட்டீங்களாம். வேணும்கறதைச் சொன்னா அது சரியான விடைதானே டீச்சர்?”

கல்லூரி நாளிலிருந்து தூக்கிச் சுமந்த பாணி ஒரு கழுத்துச் சாய்ப்பில் போய் முடிந்தது. போகட்டும் என்று விடவும் வழியில்லை. அடுத்த மணி கணக்கு. பின்சுவரோரம் முரோதா டீச்சர் வந்து நின்றாயிற்று. வாரம் ஒருமுறை அவர் வந்து பார்ப்பது ஏற்பாடு.

தயார் செய்து வைத்த பாடத்தைச் சயோ எடுத்தாள், கீழே வைத்தாள். அதில் எல்லா விடையும் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் முகம் சொல்லிவிடும். தனக்கே விடை தெரியாதது எது? அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இந்த வகுப்பறைத் தரை எவ்வளவு பெருசு? எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆராய்ந்தார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

“நூறு?” என்றான் ஒருவன், சந்தேகமாக.

“நூறு என்ன?”

“தெரியல.”

“அளந்துதான் பார்க்கணும்,” என்று சயோ பலகைக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு மீட்டர் மர அளவுகோலை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். மேஜைகளை நகர்த்தச் சொன்னாள். அது தவறு. முப்பது மேஜைகளும் ஒரே நேரத்தில் அலறின. யாரோ யார் காலையோ நசுக்கினார்கள். ஒருத்தி அழுதாள். அளவுகோல் எங்கே தொடங்கியதென்பதில் சண்டை வந்து, தரையில் போட்ட சுண்ணக்கோட்டைப் பாதியில் அழித்து மறுபடி அளந்தார்கள். துணைத் தலைமையாசிரியர் கதவைத் திறந்து பார்த்து, முரோதா டீச்சரைப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போனார். பலகையில் பாடத்தின் நோக்கமும் இல்லை, நீலக் கட்டமும் இல்லை. நேரம் பறந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசோபே சார் தட்டினார். சத்தம் தாங்கவில்லையாம்!

நீளம் ஒன்பது மீட்டர், அகலம் ஏழு. அறுபத்து மூன்று சதுர மீட்டர் என்று ஒருவழியாக வந்தது.

“சென்டிமீட்டர்ல சொன்னா எத்தனை?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். சயோ கேட்கச் சொல்லவில்லை. அவள் இன்னும் பின்மூலையில், தலையைக் குனிந்து, அளவுகோல் முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

“ஆறாயிரத்து முந்நூறு.”

புதுக் குரல். கொஞ்சம் கரகரப்பு. சயோ நிமிரவில்லை. ஒப்பிக்கும் குரல் இல்லாததால் அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது.

“எப்படி கனோன்?” என்று கேட்டாள் தைச்சியின் பக்கத்து மேஜைக்காரி.

“ஒரு மீட்டர்னா நூறு சென்டிமீட்டர்தானே. அறுபத்து மூணை நூறால பெருக்கினேன்.” கனோன் சுண்ணக்கட்டியை எடுத்துப் பெரிய எழுத்தில் பலகையில் போட்டாள். 6300. அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

தப்பு. யாரிடமும் இரவல் வாங்காத தப்பு. ஒரு சதுர மீட்டரில் நூறு இல்லை, பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். சயோவின் கழுத்து தானாகச் சாயத் தொடங்கியது. அவள் அளவுகோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். ‘மத்தவங்க...’ என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். யாராவது மறுப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று அதையே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்! ஷுன்பெய் மட்டும் தன் நோட்டைத் தரையில் வைத்து, அதையும் தரையையும் மாறி மாறிப் பார்த்து, “என்னவோ இடிக்குது,” என்றான். என்ன இடிக்கிறதென்று அவனுக்குச் சொல்ல வரவில்லை.

மணியடித்தது.

பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு ஓடினார்கள். மேஜைகள் கப்பல் கவிழ்ந்ததுபோல் கிடந்தன. முரோதா டீச்சர் அவற்றுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் பலகைக்கு வந்தார்.

“நோக்கம் எழுதல. முடிவுரை எழுதல. ஒரு பிள்ளை அழுதுச்சு. நேத்து அவ்வளவு பேர் வாங்கிட்டு இன்னிக்கு இது என்னம்மா பாடம்?”

“தெரியல டீச்சர்.”

“இது யார் எழுதினது? தப்பா இருக்கே.”

“கனோன்.”

“அந்தப் பொண்ணா?” அவர் புருவம் ஒரு கணம் உயர்ந்து இறங்கியது. “சரி, பேசிடுச்சு, சந்தோஷம். அதுக்காகத் தப்பை அப்படியே விட்டுட்டுப் போறதா? முப்பது பிள்ளைங்க இதை எழுதிட்டுப் போயிருக்கு. வீட்ல அப்பா அம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க? நாளைக்கு எனக்கில்ல போன் வரும்.” அவர் அழிப்பானை எடுத்தார்.

சயோ பலகைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். முழங்காலில் இரண்டு வெள்ளைத் தூசி வட்டங்கள்.

“அழிக்காதீங்க டீச்சர்.”

“திருத்தவாவது திருத்து.”

“நான் திருத்த மாட்டேன்.” “அவங்க திருத்தட்டும்.”

“திருத்தலைன்னா?”

திருத்தாமலே போனால்? ஷுன்பெய்க்கு இடித்தது நாளைக்குள் மறந்துபோனால்? கனோன் மறுபடி வாயை மூடிக்கொண்டால்? இப்போதே அந்த எண்ணை அழித்துச் சரியாக எழுதிவிட அவள் கையே துறுதுறுத்தது.

“நாளைக்கு முதல் மணியும் கணக்குதான் டீச்சர்,” என்றாள்.

முரோதா டீச்சர் அழிப்பானைத் தட்டென்று தட்டில் வைத்தார். “போன் வந்தா உன்கிட்டத்தான் குடுப்பேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சயோ மேஜைகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசையில் போட ஆரம்பித்தாள்.